கொண்டல் கொண்டுபோன சட்டை

மூன்று இரவுக்குப் பணம் கட்டியிருந்தேன்.
காதிஸ்.
மூன்று பக்கம் கடல்,
நாலாவது பக்கம் ரயில் நிலையம்.

விடுதியில் எனக்கு மேல்படுக்கை, எண் பதினொன்று.
கீழே ஒரு போலந்துக்காரன்.
பகலெல்லாம் தூங்குவான்,
நடுநிசியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பான்.
பெயர் கேட்கவில்லை.
இருட்டில் அந்த வாசனை
ஏணிப்படி ஏறி என்னிடம் வரும்.

சட்டைகள் என்னிடம் இரண்டே.
ஒன்று உடம்பில்,
துவைத்த மற்றது மொட்டைமாடிக் கொடியில்.
வரவேற்பு மேசை நுரியா
கிளிப் இரண்டு போதாது, நான்கு போடு என்று
விரல் நீட்டிக் காட்டினாள்.
சட்டைக்கேது நான்கு தோள் என்று
சிரித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

மதியம் இரண்டரை.
ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு
என்னை மட்டும் வெயிலோடு பேசிக்கொண்டிரு என்று
விட்டுவிட்டுப் போயிருந்தது.
சந்துகளில் நிழல் ஒரு முழ அகலம்.
சுவரை உரசிக்கொண்டு அதன்மேலேயே நடந்தேன்,
கடன்காரன் கண்ணில் படாமல் நழுவுகிறவள்போல.

அப்போதுதான் காற்று.
கிழக்கிலிருந்து.
லெவாந்தே என்கிறார்கள்.

கிழக்குக் காற்றென்றால் எனக்குக் கொண்டல்.
மழையைக் கைப்பிடித்துக் கூட்டி வருவது.
இது வெறுங்கையோடு வந்து
கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது.
மணல்,
தேநீர்க் கடையின் பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு தொப்பி,
தொப்பியின் பின்னால் ஓடும் வழுக்கைத் தலை.

ஓடி மாடியேறிப் பார்த்தால்
கொடியில் இரண்டு கிளிப்புகள்
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன.

சட்டை மூன்று வீடு தள்ளி
யாருடைய ஆன்டெனாவிலோ மாட்டி
இரண்டு கைகளையும் வீசி
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
வந்ததிலிருந்து நான்
ஒருவரையும் கூப்பிடவில்லை.
என் சட்டைக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

'என் சட்டை உங்கள் மாடியில் இருக்கிறது, மன்னிக்கவும்.'
நுரியா ஸ்பானிய மொழியில் சொல்லித்தந்த ஒற்றை வாக்கியத்தை
வாயில் போட்டு மென்றபடி மணியடித்தேன்.
முதல் வீட்டில் ஆள் இல்லை.
இரண்டாவதில் ஒரு நாய் முழுவதையும் கேட்டுவிட்டுக்
குரைத்தது.
மூன்றாவதில் எலாதியோ,
கையில் கரண்டி, இடுப்பில் மாவு படிந்த துணி.

வாக்கியம் முடிவதற்குள் உள்ளே இழுத்துவிட்டார்.
மேசையைச் சுற்றி ஏழு பேர்.
எட்டாவதாக ஒரு நாற்காலி
எங்கிருந்தோ தலைக்கு மேலாக வந்தது.
வறுத்த மீன்.
நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தங்கை,
மிளகாய் அறியாதவள்.

"சோலா?" என்றாள் அவர் மனைவி ரெமே.
தனியாகவா என்று அர்த்தம்.
என் காதில் சோலை என்று விழுந்தது.
இரண்டுக்கும் சேர்த்து
ஆமாம் என்று தலையாட்டினேன்.

சட்டையை எடுக்க முடியாது.
காற்று நின்றால்தான் ஏணி.
எப்போது நிற்கும்?
எலாதியோ மூன்று விரல் காட்டினார்,
ரெமே ஆறு.
மூலையில் உட்கார்ந்திருந்த மைத்துனர்
ஒன்பது காட்டிவிட்டு
இன்னொரு மீன் எடுத்துக்கொண்டார்.

என் ரயில் வியாழன் காலை.

கிளம்பும்போது ரெமே
அலமாரியைக் குடைந்து ஒரு பனியன் தந்தாள்.
மஞ்சள்.
முதுகில் 'மரீன் இரும்புக்கடை', எண் நான்கு.
எந்த ஆட்டம், யார் அணி, ஜெயித்தார்களா,
கேட்கும் அளவு மொழி இல்லை.
போட்டுக்கொண்டேன். முழங்கால்வரை வந்தது.

ரயில் நகர்ந்ததும் ஆன்டெனாக்களில் தேடினேன்.
எல்லா மாடியிலும் எதுவோ கையசைத்தது.

செவியாவில் இறங்கி
பையின் வாரை இழுத்து மாட்டும்போது
அலைபேசியில் நுரியா.
காற்று நின்றுவிட்டதாம்.
கூடவே ஒரு படம்:
பதினொன்றாம் எண் படுக்கையில்
நன்றாய் மடித்துத்
தலையணைமேல் கிடக்கிறது என் சட்டை.
பக்கத்தில் ஓர் ஆரஞ்சு.

நாலாவது இரவு.
அதற்கு நான் பணம் கட்டவில்லை.