இரண்டு சதவீதம்

"எவ்ளோ குடுக்குது?"
பாளையம் சுங்கச்சாவடியில் கேட்கிறார்கள்,
பாலக்கோடு தக்காளி மண்டியில்,
ஒருமுறை சாவு வீட்டுப் பந்தலுக்கு வெளியேகூட.
கம்பெனி சொன்னது இருநூற்று முப்பது.
ஏசி போட்டு அரூர் போய்
சித்திரை வெயிலில் திரும்பினால் நூற்று அறுபது.
உண்மையைச் சொன்னால்
"அவ்ளோதானா" என்று
பூசணிக்காய் வாங்குகிறவர்போல
கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

அடிபட்ட வண்டிக்கு விலை போடுவது என் வேலை.
இன்சூரன்ஸ் சர்வேயர். தினம் நூறு கிலோமீட்டர்.
பழைய காருக்கு மாதம் பன்னிரண்டாயிரம் பெட்ரோல்;
இதற்கு மூவாயிரத்துச் சொச்சம் கரண்டு.
மிச்சம் பிடித்ததில் முக்கால்வாசியைத்
தவணை தின்றுவிடுகிறது.

வீட்டுக்காரர் தீர்த்தகிரி அண்ணன்
சமையலறை ஜன்னலில் ஒயர் இறங்குவதை
முதல் நாள் கண்டபோது
துணிக் கொடியில் பாம்பைப் பார்த்தவர்போல நின்றார்.
"மீட்டர் ஓடுதும்மா."
"ஓடட்டும்ணே. சப் மீட்டர் போட்டுக்கலாம்."
யூனிட்டுக்குப் பன்னிரண்டு என்றார். பத்தில் படிந்தது.
இப்போதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு
வண்டி குத்தியிருக்கிறதா என்று
அவரே டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

காற்றடித்து விடிய விடியக் கரண்டு இல்லாத ஒருநாள்
கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்த்து,
பேருந்தின் பின்னாலேயே ஊர்ந்து
பென்னாகரம் போய்ச் சேர்ந்தேன்.
டீக்கடை பிளக்கில் மூன்று மணி நேரம். டீ நான்கு.
கடைக்காரர் டீக்கு மட்டும் காசு வாங்கினார்.
செல்போனுக்குப் போடுவதுபோல நினைத்திருப்பார்.
நானும் திருத்தவில்லை.
என் கணக்கு நோட்டில் இல்லாதது அது ஒன்றுதான்.

போன செவ்வாய் தொப்பூர் கணவாய்.
மார்பிள் ஏற்றிய லாரி
மலைச்சுவரில் மூக்கை ஊன்றிக் கிடந்தது.
டிரைவருக்கு உயிர் இருந்தது.
தடுப்புக் கல்லில் உட்கார்ந்து சொன்னார்:
"மிதிச்சேன், மிதிச்சேன்,
கஞ்சிக்குள்ள கால் வெச்ச மாதிரி போச்சுங்க."
இரண்டு மணி நேரம் கழித்தும்
பிரேக் டிரம் விரலைச் சுட்டது.

"டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல வுட்டிருப்பான்,"
என்றார் கிரேன் வேடியப்பன், சங்கிலியை மாட்டிக்கொண்டே.
"எவ்ளோ மிச்சமாகும்?"
"அரை லிட்டர். அதுக்கு மேல போனா பெருசு."
காரணம் என்ற கட்டத்தில்
பிரேக் செயலிழப்பு என்று எழுதினேன்.
டீசலை அளந்து கொடுக்கும் முதலாளியை எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கிரேனுக்குப் பின்னால் நானும் இறங்கினேன்.
காலை எடுத்தேன்.
கயிறு கட்டி யாரோ பின்னால் பிடித்திருப்பதுபோல
வண்டி தானே தயங்கித் தயங்கி இறங்கியது.
அறுபத்தொன்று.
வளைவு.
அறுபத்திரண்டு.
சாலையில் இழுபட்ட கறுப்பு டயர்க் கோடுகள்.
அறுபத்து மூன்று.
அந்த டிரம்மைச் சுட்டதும்
என் பேட்டரியில் ஏறியதும்
ஒரே இறக்கம்தான்.

ஸ்டேஷன் மைதானத்தில் வேடியப்பன்
கையைத் துணியில் துடைத்தபடி
என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
தட்டிப் பார்க்கவில்லை.
"நமக்குத் தோதுப்படுமா சர்வேயரம்மா?"
"தினம் எவ்ளோ தூரம்?"
"நாப்பது. பாப்பாவை காலேஜ்ல விட்டுக் கூட்டியாரணும்."
"வாசல் வரைக்கும் வண்டி வருமா? சொந்த வீடா?"
"சொந்தம். ஆனா சந்துக்குள்ள."
"அப்ப ஒயரு எவ்ளோ நீளம்னு மொதல்ல அளங்க."
சிரித்தார். பிறகு கேட்டார்:
"எட்டு வருசம் கழிச்சு என்ன வெலைக்குப் போவும்?"

இருபது வருடமாக
எல்லா வண்டிக்கும் தேய்மானம் போட்ட கை இது.
"தெரியலண்ணே," என்றேன்.

அவர் கிரேனைக் கிளப்பினார்.
அந்தச் சத்தத்தில்
என் வண்டி நகர்ந்தது எனக்கே கேட்கவில்லை.
திரும்பி ஏறும்போது
மலை ஏழு எடுத்துக்கொண்டது.