முப்பத்தொரு புத்தகம்

வாடைக்காற்று. பாதை பிந்தியது.
மிதக்கும் இரும்புத் தட்டுக்கு
எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர்.
காரைநகர்க் கரையில் காத்து நின்று,
ஸ்கூட்டியின் சீற்றை மேசையாக்கி
முதலாம் தவணைப் பாடக்குறிப்பை எழுதினேன்.
‘நோக்கம்’ என்ற கட்டத்தை மட்டும்
பிறகு பார்ப்பம் என்று விட்டேன்.

ஊர்காவற்றுறையில் இறங்க
மணி அடித்துவிட்டது.
வரவுப் பதிவில், சிவப்புக் கோட்டுக்குக் கீழே,
புது வருசத்தின் முதல் கையெழுத்து.

பத்தாம் ஆண்டுக்கு வரலாறு
ஆறாம் பாடவேளை.
இடாப்பில் முப்பத்தெட்டுப் பேர்.
வலயத்திலிருந்து வந்தது முப்பத்தொரு புத்தகம்,
அதில் புதியது ஒன்பது.
மற்றதெல்லாம் போன வருசப் பிள்ளைகள் திருப்பித் தந்தவை:
முதுகில் பிளாஸ்டர்,
ஒன்றில் தேத்தண்ணி வளையம்,
ஒன்றில் எல்லா மன்னருக்கும் மூக்குக்கண்ணாடி.

புதியதுக்கு அடிபாடு.
கிறேஸ் நிருபா தனக்குக் கிடைத்ததைத் திறந்து
வாசிக்கவில்லை, மணந்து பார்த்தாள்.
வாங்கின் மற்ற நுனியில்
இரண்டு பேருக்கு ஒன்று.

பழைய புத்தகங்களின் முன்னட்டைக்குள் ஒரு கட்டம்.
ஆண்டு. பெயர்.
பெறும்போது நிலை. கையளிக்கும்போது நிலை.
ச. தேனுகா, நல்லது, நல்லது.
யூ. டிலக்சன், நல்லது, சுமார்.
அடுத்த வருசம் பெயரே இல்லை,
பென்சிலால் ‘கொரோனா’ என்று மட்டும்.
பிறகு ம. அபிநயா. ஒப்பம் இல்லை.

உள்ளே அரசர்களுக்கும் பட்டியல் உண்டு.
ஆண்டு, பெயர், கட்டிய குளம்.
பெறும்போது நிலை, கையளிக்கும்போது நிலை,
அந்த இரண்டு நிரலையும் யாரோ விட்டுவிட்டார்கள்.
இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமோ என்று யோசித்தேன்.
முதல் நாள்.
சொல்லவில்லை.

“ரீச்சர், இஞ்ச வாங்கோ,
ஆரோ கீறி வச்சிருக்கினம்.”
பின்வாங்கிலிருந்து மரியநேசன்.

நாட்டு வரைபடம்.
நடுவில் குளங்கள், நீலப் பொட்டுகளாய்.
நாங்கள் மேலே, நகக்கண் அளவு.
தீவுகளை அச்சுக்காரர் மறந்திருந்தார்,
அல்லது அவருடைய மை அவ்வளவு சின்னதாய் விழாது.
அங்கே ஒரு போல்பொயின்ற் அம்பு.
வால்பக்கம் ‘எங்கட வீடு’.
நுனி கடலுக்குள்.

“வீடு தண்ணிக்குள்ள கிடக்கு ரீச்சர்!”
வகுப்பு முழுக்கச் சிரிப்பு.
ஆர் கீறினது என்று முன்னட்டையைப் புரட்டினார்கள்.
நாலு வரியில் மூன்று பெயர்.
“டிலக்சன் அண்ணாவாத்தான் இருக்கும்,
அவர் இப்ப தொழிலுக்குப் போறவர்,
அவருக்கு வீடு அங்கதான்.”
“இல்லை, இது பெட்டையின்ர எழுத்து.”
“கொரோனா கீறியிருக்கும்.”
ஆதாரம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.
ஒருத்தி ‘எ’யின் வளைவைக் காட்டி வாதாடினாள்.

நிருபா அழிறப்பரோடு எழுந்து வந்தாள்.
“அழிக்கட்டோ?”
அரசாங்கப் புத்தகம்.
அதில் கீறக்கூடாது என்று
பின்னட்டையில் அச்சடித்திருக்கிறது.
போல்பொயின்ற் அழியாது, தாள்தான் கிழியும்.
“விடு,” என்றேன்.

“ரீச்சர், உது சோதினைக்கு வருமோ?”
“வராது.”
எல்லாரும் பேனையை மூடினார்கள்.
மூடிவிட்டு
வரைபடத்தைச் சுற்றி நெருக்கி நின்றார்கள்.
தங்கள் தங்கள் வீட்டைச் சுண்டுவிரலால் தேடினார்கள்.
முப்பத்தெட்டு வீடும் கடலுக்குள்தான் விழுந்தன,
மரியநேசனுடையது மட்டும்
இந்தியாவுக்குக் கிட்ட.

மணி அடித்தது.
முதலாம் அத்தியாயம் தொடங்கவேயில்லை.

பின்னேரப் பாதையில் காற்று விழுந்திருந்தது.
இரு கரைக்கும் நடுவில்,
அந்த அம்பின் நுனி கிட்டத்தட்ட இந்த இடந்தான்
என்று ஒரு நினைப்பு.
பக்கத்தில் மீன்பெட்டி ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது.
பாடக்குறிப்பை எடுத்தேன்.
நோக்கம்:
வரைபடத்தில் இடங்களைக் குறித்தல்.

பிரதி அதிபர் ஒப்பம் வைப்பார்.
ஏழு புத்தகம் குறைவு என்று
தனியே ஒரு கடிதம் எழுதவேணும்.