அறுநூறு

ஈசாஃபியோர்துர் மீன் ஏலக்கூடத்தின் மாடியில்
அந்த ஒரு கணினி மட்டும் தூங்குவதில்லை.
இரவு இரண்டரைக்கு அதுவாக எழுந்து
அன்றைய காட், ஹேடாக், எடை, விலை,
படகு படகாக எல்லாவற்றையும்
நகலெடுத்து வைக்கும்.
தரவுத்தளம் கேட்கும்: யார் நீ?
பதில் தட்ட ஆளில்லாத நேரம்.
அதனால் தோர்வால்துர், பத்து வருடம் முன்பு,
கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதினார்.
ஓய்வு பெற்றுத் தெற்கே போய்விட்டார்.

நேற்றிரவு வேலை ஏன் இழுக்கிறதென்று பார்க்க
விழித்திருந்தேன்.
ஓடுகிறவற்றின் பட்டியலைக் கேட்டேன்;
இதில் கணக்குள்ள பதினோரு பேரில்
யார் கேட்டாலும் தரும் பட்டியல்தான்.
நடுவில் ஒரு வரி,
எங்கள் மொழியில், இடைவெளி விடாமல்:
மன்னித்துவிடுபிர்னா98

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே.
இயந்திரத்துக்கு யார் சொல்வது?
பத்து வருடம், இரவுக்கு நான்கு நிமிடம்
தண்டோரா.

பிர்னா கீழே எடை போடுகிறவள்.
பதினொன்றில் ஒரு கணக்கு அவளுடையது.

செய்ய வேண்டியதைச் செய்தேன்.
அர்த்தமே இல்லாத முப்பத்திரண்டு எழுத்து.
அதை ஒரு சின்னக் கோப்பில் இட்டு
உரிமையை மாற்றினேன். கைதவறி
அறுநூற்று நாற்பத்துநான்கு.
பிறர் படிக்கக்கூடிய கோப்பைத் தொடமாட்டேனென்று
எச்சரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது நிரல்.
ரோஷக்காரன்.
அறுநூறு என்று திருத்தினேன்:
உடையவனுக்கு ஆறு, கூட்டத்துக்குச் சுழி, ஊருக்குச் சுழி.
இப்போது ஓடியது. பட்டியலில் சத்தமில்லை.

கட்டளை வரலாற்றைத் துடைத்தேன்.
பழைய பிரதிகளிலும் அந்த வரி இருக்கும்,
ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தேன்.
ஏழாவதில் கை நின்றுவிட்டது.
தொண்ணூற்றெட்டில் என்ன நடந்ததோ.
ஒரு மன்னிப்பை ஒளித்துவைப்பது
பாதுகாப்பா திருட்டா
என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸோடு பிர்னா மேலே வந்தாள்.
"ராத்திரி விளக்கு எரிந்ததே ஸ்டெய்னுன், கோளாறா?"
"இல்லை. ஒரு பழைய கடவுச்சொல்லை மாற்றினேன்."
"இரண்டரை மணி வேலைக்குத்தானே?"
மணியை நான் சொல்லவில்லை.

"ஆமாம்" என்றேன்.
"மாற்ற வேண்டியதுதான்" என்றாள்.
நின்றபடியே காபியில் ஒரு மடக்கு குடித்து,
மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு
எடைத்தட்டைக் கழுவக் கீழே போனாள்.