கதிர்ச்செட்டை

மாசி. வெட்டுக்காலம். இரவு பதினொன்றே கால்.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியின் எக்ஸ்றே அறைக்கு
வைக்கோல் தூசியோடு வந்து நிற்கிறார்
அரியகுட்டி யோகசீலன், நாற்பத்துநாலு, உருத்திரபுரம்,
வெட்டு மெஷின் ஓட்டுபவர்.
கதைக்கேலாது. கழுத்தைக் காட்டுகிறார்.
ஜப்பான் மீன் குழம்பு. முள்ளு.
மூன்று சோற்றுருண்டையும் ஒரு கதலிப்பழமும்
அதைத் தாண்டிப் போய்விட்டன. அது போகவில்லை.

“நாடியைத் தூக்குங்கோ. மூச்சைப் பிடியுங்கோ.”
சுவருக்குப் பின்னால் நின்று அழுத்துகிறேன்.

திரையில் கழுத்து வருகிறது,
ஏழு என்புகளும் பால் வெள்ளையாய்.
அவற்றின் முன்னே, காற்றுக்குழாயின் இருட்டோரம்,
மயிரிழை போல் ஒரு கோடு, சற்றே வளைந்து.
தோளடியில் இன்னொன்று:
பயறளவு, கூசும் வெள்ளை, விளிம்பு கிழிந்தது.
அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.
இங்கே எடுக்கும் படங்களில் அப்படியொன்று இருந்தால்
நானும் கேட்பதில்லை.

ஆளில்லாத இரவுகளில் எனக்கொரு பழக்கம்.
பாறைக்குள் கிடக்கும் மீன்களின் படங்களைப் பார்ப்பேன்.
எங்கோ யாரோ, என்னுடையதைப் போன்ற இயந்திரத்தில்
கல்லைக் கிடத்தி எடுத்தவை.
(கல்லுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லத் தேவையில்லை.)
ஒன்றின் மண்டைக்குள் மூளைகூட மிஞ்சியிருந்தது,
முப்பத்திரண்டு கோடி வருஷமாய்,
பெருவிரல் நுனியளவு.

கதிர்ச்செட்டை மீன்களாம்.
எனக்குத் தெரிந்த கதிர் வயலில் தலைசாய்ப்பது;
விடிய கனகாம்பிகைக்குளத்தில் விழுவது;
சுவருக்குப் பின்னால் நின்று நான் அனுப்புவது.
இப்போது இன்னுமொன்று: செட்டைத் தோலை
விரித்துப் பிடிக்கும் குடைக்கம்பி.

தொடக்கத்தில் அவை கொஞ்சம்தான்.
டெவோனியக் கடலைத் தலைக்கவசம் போட்டவை ஆண்டன.
சதைச்செட்டையர் சேற்றோரம் துழாவித் திரிந்தனர்.
நடுவே இவை, சாய்சதுரச் செதில் மினுங்க,
மேல்மடல் நீண்ட வாலோடு
கணக்கில் வராமல் போய்வந்தன.
பிறகு கடலுக்கு மூச்சு முட்டிற்று.
கவசக்காரரில் ஒன்றுகூட இல்லை.
தப்பிய சின்னதுகளின் வழியில்
ஒன்று தாம்பாளமாய்த் தட்டையாகி,
ஒன்று விலாங்காய் நீண்டு,
ஒன்று சிப்பி நொறுக்கப் பல் வளர்த்து...
இன்று முப்பதினாயிரம் சாதி.
இரணைமடுவில் வலையேறும் ஜப்பானும் அதில் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு உவமை வந்து கதவைத் தட்டும்.
அழிவு, மிஞ்சியவர், மறுபடி பெருகுதல்.
நான் திறப்பதில்லை.
மீனுக்காக எவரும் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு
கந்தோர் வாசலில் வருஷக்கணக்காய் இருந்ததில்லை.
அது மீன். இது கிளிநொச்சி.

ஆனால் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.
நாற்பது கோடி வருஷத்துக்கும் முன்னே
ஒரே வீடு இரண்டாய்ப் பிரிந்தது.
அவர்கள் கதிரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள்.
நாங்கள் சதைச்செட்டையைத் தோளாக்கி, கையாக்கி,
கரைக்கு வந்தபின் ஒரு கழுத்தும் செய்துகொண்டோம்.
மீனுக்குக் கழுத்தில்லை.
அது எங்கள் பக்கத்துச் சொத்து.
அங்கேதான் வந்து குத்திக்கொண்டு நிற்கிறது
பங்காளி வீட்டு எலும்பு.

ஒன்றரைக்கு டொக்டர் எடுத்துவிட்டார்.
கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து
யோகசீலன் சொன்ன முதல் வார்த்தை:
“இவ்வளவுதானோ?”
பிறகு, துப்பிவிட்டு,
“பத்து ஏக்கர் கிடக்கு. மழை இருட்டுது.”

படத்தை மூடுமுன் படிவம்.
பெயர், திகதி, பக்கம்.
அந்நியப் பொருள், எண்ணிக்கை?
முள்ளையும் தோளடியையும் மாறி மாறிப் பார்த்தேன்.
ஒன்று என்று எழுதினேன்.
எது என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.