எட்டிய வரைக்கும்

ஆய்வுக்கூடத் தாள் வந்துவிட்டது.
முளைப்புத்திறன் தொண்ணூற்றாறு.
நாறும் கரிப்பூட்டை: காணப்படவில்லை.
எல்ஸ்பெத் அதை மேசையில் போட்டு
மேலே உப்பு ஜாடியை வைத்தாள்.
சன்னல் சரியாக மூடாத வீடு.

ஃபெர்கஸ் இரண்டு முறை வாசித்தான்.
"பிறகென்ன, மருந்து வேண்டாம்.
பன்னிரண்டு டன்னுக்கு டூகல் கேட்கிற காசில்
டிராக்டருக்குப் பின்சக்கரம் வாங்கலாம்."
தம்பி சொன்னதில் தப்பில்லை.
கோதுமை விலை இந்த வருஷம்
படுத்த மாடு.

வியாழன் காலை டூகலின் லாரி.
சல்லடை, விசிறி, சிவப்பு மருந்துத் தொட்டி
எல்லாம் அதன் முதுகிலேயே.
வெள்ளி மாலை மழை என்கிறது வானொலி.
டன்ஸ் ஊரைத் தாண்டிய அந்தச் சரிவு
ஒருமுறை நனைந்தால்
பத்து நாள் சக்கரத்தை விடாது.
இன்னொரு தாளுக்குக் காத்திருக்க நேரமில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்போம் நாம்.
பானை கொதிக்கும்,
தன்னைத் தானே கிளறிக்கொள்ளும்.
குவியல் அப்படியில்லை.
எந்த வண்டி எங்கே கொட்டியதோ
அங்கேயே கிடக்கும், வாய் திறக்காமல்.

முப்பது இடத்தில் குத்தி எடு என்றது குறிப்பு.
அன்று அவள் முழங்கால் வீங்கியிருந்தது.
வாசலோரம் எட்டு இடம்,
கை எட்டிய வரைக்கும்.
பை நிறைந்தது. முடிச்சுப் போட்டாள்.

அப்புறம் அந்த மூலை வயல்.
வாடகை அறுவடை இயந்திரம்
வேறொரு பண்ணையிலிருந்து நேராக வந்தது, கழுவாமல்.
அது கடந்துபோகையில் மீன் நாற்றம்,
ஒரே ஒரு நொடி.
கடல் கிழக்கே.
காற்று அன்று மேற்கிலிருந்து.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்லாதவரை அது வெறும் மூக்கு.

புதன் இரவு டார்ச்சோடு கொட்டகைக்குப் போனாள்.
குவியலின் பின்பக்கம் ஏறி
தோள்வரை கையை நுழைத்து
அள்ளி முகர்ந்தாள்.
தூசி. ஓட்ஸ் வைக்கோல்.
தன் சட்டையின் சோப்பு.
மறுபடி அள்ளினாள்.
ஒரு எலி அவளைப் பார்த்துவிட்டுப்
பொருட்படுத்தாமல் போயிற்று.

காலையில் சொன்னாள்:
"எட்டு இடம்தான் எடுத்தேன்."
ஃபெர்கஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தான்,
ஓரம்வரை, மெதுவாக.
"அதையும் தாளில் எழுதியிருக்கலாம்" என்றான்.
பிறகு எழுந்து
லாரிக்காகக் கேட்டைத் திறக்கப் போனான்.
மீன் நாற்றத்தை
அப்போதும் அவள் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு டன்னும்
செம்பருத்தி நிறம்.
விதை நேர்த்தி என்கிறோம் தமிழில்;
நேர்ந்துகொண்டது யாருக்கு என்று
கேட்பதில்லை.

விதைத்தது போக ஒன்றரை மூட்டை மிச்சம்.
கோழிக்கு ஆகாது, ஆலைக்கு ஆகாது.
வரும் கோடையில் கதிர் சுத்தமாக வந்தால்
மருந்தா, எதுவுமே இல்லாததா,
தெரிய வழியில்லை.

வெள்ளி, மழை சொன்ன நேரத்துக்கு வரவில்லை.
எல்ஸ்பெத் அவித்த முட்டையை உரித்தாள்.
நகக்கண்ணில் சிவப்பு.
முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு
இன்னொரு முறை
கை கழுவப் போனாள்.