ஏழுக்குப் பிறகு ஒன்பது

படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள்.
ராயக்கோட்டை மண்டிக்குப் பின்னால்
ஒரு சிமென்ட் அட்டை வீட்டில்
தரையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

பெயர் திம்மராயன். வயது ஐம்பத்துநாலு.
"பொறக்கும்போதே கொஞ்சம் மந்தம்" என்ற அண்ணன்
சட்டென்று உள்ளறையைப் பார்க்கிறார்,
அவன் காதில் விழுந்திருக்குமோ என்று.
"ரெண்டு வருஷமா
இருந்த கொஞ்சமும் உதிருதும்மா."

கக்கூஸ் எந்தக் கதவு என்று தெரிவதில்லை.
அடுப்பை மூட்டிவிட்டு நடந்துவிடுகிறான்.
போன மாசம் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி
பாலக்கோட்டில் இறக்கிவிடப்பட்டான்,
சட்டைப்பையில் ஒரு தக்காளியோடு.

மருந்து, ஒவ்வாமை, வலிப்பு
எல்லாம் கட்டங்களுக்குள் அடங்கின.
அடங்காததை முனிரத்தினத்தின் மனைவி சொன்னாள்,
என் முகம் பார்க்காமல், களி கிண்டிக்கொண்டே:
"தண்ணின்னா ஓடுவாரு. நீள்ளுன்னா வருவாரு.
முதல்ல முதுகுலதான் ஊத்தணும்.
கரண்ட் போனா நீங்க கையப் புடிக்காதீங்க,
அவரே புடிப்பாரு, விட்டுடுங்க.
அப்புறம்,
எட்டு வராது அவருக்கு."

முப்பது வருஷம் மண்டியில் பெட்டி அடுக்கியவன்.
ஏழுக்குப் பிறகு ஒன்பது.
அவன் பதினாலு என்றால் பதிமூணு பெட்டி.
மண்டி முழுக்கத் தெரியும்,
கேரளா லாரிக்காரருக்கும் தெரியும்.
ஒரு பெட்டியைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான்
சீட்டு எழுதுவார்கள். யாரும் சிரித்ததில்லை.
நாற்பத்து மூன்றாவது கேள்வி ஒன்றை நானே போட்டு
எழுதிக்கொண்டேன்: எட்டு இல்லை.

ஒரே நாளில் கூட்டிப்போவதில்லை நாங்கள்.
முதல் செவ்வாய் டீக்கு மட்டும்.
கிருஷ்ணகிரி அணை ரோட்டில் எங்கள் இல்லம்.
வந்தான், குடித்தான்,
போய் வேனில் உட்கார்ந்துகொண்டான்.
அடுத்த செவ்வாய் மத்தியானச் சாப்பாடு.
மூன்றாம் முறை இரவு தங்கினான்,
நாலே கால் வரை கதவை உலுக்கினான்.
அதையும் எழுதினேன்.
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும்.

அவனிடமே கேட்டோம்.
இங்கேயே இருக்கிறாயா, திம்மராயா?
"லோடு வந்துச்சா?" என்றான்.
சம்மதம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

குடிவந்த நாளில்
மூன்று லுங்கி, ஒரு ஸ்வெட்டர்,
நான் கேட்டு வாங்கிய
விளிம்புடைந்த நீலத் தக்காளிப் பெட்டி.
கட்டிலை ஒட்டி வைத்தோம்.
அதன் வாடைப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான்.

முனிரத்தினம் வண்டியைவிட்டு இறங்கவில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
"தள்ளிட்டுப் போயிட்டான்னு ஊரு பேசும்ல?" என்றார்.
பேசும் என்றேன்.
பொய் சொல்வதற்கு எனக்குச் சம்பளமில்லை.
ஞாயிற்றுக்கிழமை வாங்க,
கையோடு நாலு தக்காளி கொண்டாங்க.

இல்லத்தில் இப்போது பதிமூன்று பேர்.
சாப்பாட்டு வேளையில் திம்மராயன் எழுந்து
ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுகிறான்.
"பதினாலு தட்டு" என்கிறான் சமையல் ஜக்கம்மாவிடம்.
முதல் வாரம் அவள் திருத்திப் பார்த்தாள்.
இப்போது ஒன்றைக் கூடவே வைத்துவிடுகிறாள்.
ஒருநாள் அது மீட்டர் பார்க்க வந்தவருக்கு.
பல நாள் நாய்க்கு.

ஞாயிறு அவர் வரவில்லை, சென்னைக்கு லோடு.
புதன்கிழமை வந்தார்,
தக்காளியை மறந்து.
தம்பி ஏற இறங்கப் பார்த்தான்.
பெயர் வரவில்லை. முகமும் வரவில்லை.
காலியாக இருந்த தட்டைக் காட்டினான்.

வரிசையில் எட்டாவதாக
உட்கார்ந்தார் முனிரத்தினம்.
எண்ணிக்கொண்டே வந்த கை
அவர் தலையில் கொஞ்சம் நின்றது.
"ஒம்போது" என்றான் திம்மராயன்.
"சரிதான்" என்றார் அண்ணன்,
களியைப் பிட்டுக்கொண்டே.