எண்பதாவது அடி

டெய்சிராணி,
உனக்குக் கியர்பெட்டி போச்சு,
எனக்கு மணிக்கட்டு.
கந்தப்பளையில் இன்றிரவு
ஓட்ட ஆளில்லாத வண்டி ஒன்று,
வண்டியில்லாத ஓட்டக்காரி ஒருத்தி.
பரிசில் பாதிப்பாதி என்று பேசியாயிற்று.
இனி உன்னிடம் பொய் சொல்ல முடியாது,
கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் டயரைக் கல்லுமாதிரி வைத்திருந்தாய்.
பார்த்தேன், சொல்லவில்லை.
பின்னுக்கு ஐந்து இறாத்தல், முன்னுக்கு ஏழு போதும்.
ரொட்டி மாவை உள்ளங்கை அமுக்குகிற மாதிரி
மண்ணை அது அமுக்க வேண்டும்.

முன் கம்பியில் உர மூடை கட்டியிருக்கிறேன்.
படத்தில் அசிங்கமாக விழும் என்று அவிழ்த்துவிடாதே.
பாரம் ஏற ஏற மூக்கைத் தூக்குவாள் இந்தச் சிவப்பி,
லீக்ஸ் மூடையோடு மேடேறும்போதே தூக்குகிறவள்.
எழும்பி நின்று
ஹேண்டிலுக்கு மேலால் நெஞ்சைக் கொடு.

கொக்கி பதினாலு அங்குலம்வரை விடுவார்கள்.
நீ பதின்மூன்றரையில் வை.
சரியாகப் பதினாலு வைத்திருந்தேன் ஒருமுறை,
அளக்க வந்தவனின் நாடாவில் அது பதினாலேகால்.
நாடாவோடு வாதாடி
இந்த மலையில் யார் வென்றார்கள்?

சீட்டில் ஒன்றாம் நம்பர் விழுந்தால் முகத்தைச் சுளிக்காதே.
ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
இது வேண்டாம், கடைசியில் இழுக்கிறேன் என்று
சொல்ல விதியில் இடமிருக்கிறது.
ஒருவரும் சொல்வதில்லை, வெட்கம்.
நீ சொல்.

விடியத் தூறினால் மண்ணின் மேல்தோல்தான் வழுக்கும்,
உள்ளே காய்ந்திருக்கும்.
கோல் கம்பத்தை ஒட்டி இடப்பக்கமாகப் போ,
அங்கே சரளை கொட்டியிருக்கிறது.
(பெரட்டுக்களத்தில் இதை யாரிடமும் உளறாதே.)

சங்கிலியை வெடுக்கென்று இழுக்கிறவன்
பத்தடியிலேயே வீட்டுக்குப் போகிறான்.
ஊர்ந்து போய் அதை இறுக விடு.
ணங் என்று கேட்டால் பிழை.
ம் என்று கேட்க வேண்டும்,
பாதித் தூக்கத்தில் ஒருத்தி சம்மதிக்கிற மாதிரி.
அதன் பிறகுதான் பெருவிரல்.

பலகையில் தொடக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.
பத்தடிக்கு ஓர் ஆள் ஏறும்.
பத்தில் பேக்கரி விமலசேன, சிரித்துக்கொண்டு.
இருபதில் பி.டி. மாஸ்டர்.
முப்பதில் கணக்கப்பிள்ளை ஞானப்பிரகாசம்.
ஈரக் கொழுந்து என்று மூடைக்கு
இரண்டு கிலோ கழிக்கிறாரே, அவர்தான்.
நாளைக்கு அவர் எடையில்
ஒரு கிராமும் கழியாது.
திரும்பிப் பார்க்காதே.
பார்த்தால் கோபம் பெருவிரலுக்கு இறங்கும்,
டயர் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நகராது.
சுற்றத் தொடங்கினால் இன்னும் முறுக்கத்தான் கை போகும்.
விடு, ஒரு நூலளவு விடு.
மண் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

ஐம்பதுக்குப் பிறகு
சனம் கத்துவது ஒன்றும் கேட்காது,
கொடிக்காரனை மட்டும் பார்.
எஞ்சினை நிறுத்தும் கயிறை மணிக்கட்டில் மாட்டிக்கொள்.
என் மணிக்கட்டைப் பார்த்தாவது மாட்டிக்கொள்.

போன வருஷம் நீ எழுபத்தெட்டில் நின்றாய்,
நான் எழுபத்தொன்பதில்.
அந்த ஓரடியை வைத்துக்கொண்டு
பன்னிரண்டு மாதம் உன் வாசலைக் கடக்கும்போதெல்லாம்
ஹோர்ன் அடித்தேன்.

இன்னும் ஒன்று.
எழுபது வரைக்கும் ஆட்களை எழுதிவிட்டு
எண்பதுக்கு யாரையும் எழுதாமலே விட்டிருந்தார்கள்,
அவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லையே.
இன்று பின்னேரம் போய் என் பெயரைக் கொடுத்தேன்.
ஐம்பத்தொரு கிலோ,
மாவுக்கட்டு தனி.

நீ அங்கே வந்து சேர்ந்தால்
கூட்டாளி என்று பார்க்க மாட்டேன்.
இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவேன்.